வான்கண்ணும் கண்மாய்க் கரையும்

வானிலிருந்து எடுத்த நிலப்படம் ஒன்றை அண்மையில் வகுப்பில் காட்டினேன். “ஐயா, ஊர் தீப்பற்றி எரிகின்றதா?” என்றான் ஒரு சிறுவன். படம் முழுதும் அத்துணைச் சிவப்பு! பசுந்தழை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும்; அதனைச் சிவப்பாகக் காட்டுமாறு நிறமிடுவது வழக்கம். நீர் அக்கதிரை விழுங்கிக் கருமையாய்த் தோன்றும்.

1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் இலேண்டுசாட் கோளிலிருந்து இக்கலை வளர்ந்து வந்துள்ளது. இன்று ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்கள் ஐந்து நாளுக்கொருமுறை எடுக்கும் படங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் எதில் எத்துணைப் பரப்பில் நீர் நிற்கின்றது, அதன் ஆயக்கட்டில் எவ்வளவு நிலம் பயிரேறியது என்பனவற்றை இருந்த இடத்திலிருந்தே கணிக்கலாம். சோற்றுக்கு வழி தேடுவோர் இதனை வேண்டா என்னார். படத்தை நம்பிக் கரையை மறப்பதே தவறு என்கின்றோம்.

முகவை, சிவகங்கைக் கண்மாய்களைப் பாருங்கள். பலவற்றின் உள்வாயில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றது. படத்தில் நெல்லும் சிவப்பு, அம்முள்ளும் சிவப்பு! ஒருநாட் படத்தை மட்டும் கொண்டு கணக்கிடுவோர் முள்ளையும் விளைச்சலில் சேர்த்துவிடக் கூடும். அறுவடைக்குப் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் உண்மை வெளிப்படும். நெல் மறைந்திருக்கும், முள் கோடையிலும் சிவந்து நிற்கும்.

நம் ஏரிகள் நிறையும் வடகிழக்குப் பருவமழையின்போது முகில் வானை மூடுவதால், ஒளிகொண்டு பார்க்கும் கோள்களுக்குக் கண் தெரியாது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 சூலையில் ஏவிய நிசார் போன்ற ரேடார் கோள்கள் முகிலை ஊடுருவிப் பார்க்கும். நன்று. ஆனால் கலங்கல் நீருக்கடியில் எத்துணை வண்டல் படிந்துள்ளது, மடைக்கல் பெயர்ந்துள்ளதா என்பனவற்றை அப்படங்கள் சொல்லமாட்டா. மேலைக் கண்மாயின் கலிங்கு வழிந்த நீரே வரத்துக்கால் வழியே கீழைக் கண்மாயை நிறைப்பது. அக்கால் ஓரிடத்தில் தூர்ந்தால் கீழுள்ள ஊர்கள் அத்தனையும் காயும். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர் நீள அகலம். இரண்டடிக் கால் அதில் எங்ஙனம் தெரியும்?

பெயரிலும் குழப்பம் உண்டு. ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி என நம் முன்னோர் வேறுபடுத்தியது சொல்லழகுக்காகவன்று. ஊருணி உண்ணுநீர்க்குரியது, அதனை வயலுக்குப் பாயும் நீரோடு சேர்த்தெண்ணுதல் ஆகாது. ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் ‘டேங்க்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன; படத்திலோ யாவும் கருந்திட்டுகள்.

ஆகவே, மழை முடிவிலும் கோடையிலும் எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு நீர்நிலையின் ஊர்வழக்குப் பெயரையும் தமிழில் பொறித்து, ஊராட்சிச் சுவரில் ஒட்டுக. மடை திறந்து நீர் பகிரும் நீர்க்கட்டியை அதன்முன் அழைத்து நிறுத்துக. “இங்கே முள், இங்கே கால் அடைந்துள்ளது” என்று அவர் விரல் வைக்கும் இடங்களைக் குறித்துக்கொண்ட பின்னரே தூர்வாரும் பணத்தைப் பகுத்தளித்தல் வேண்டும்.