எட்டு மணி நேரம் தூங்கு என்று யாரிடம் சொல்கிறோம்?

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். வழக்கம்போல முதல் நாள் ராத்திரிதான் புத்தகத்தைத் திறந்தேன். விடிய விடியப் படித்துவிட்டுப் போய், டெபிட்டில் எழுத வேண்டியதை கிரெடிட்டில் எழுதிவிட்டு வந்தேன். ஒரு ராத்திரி தூக்கம் போனதற்கே இந்த லட்சணம் (மார்க் கேட்காதீர்கள்).

2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பார்த்ததிலிருந்து அந்த வீரர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னை உலுக்கியது பயிற்சி அல்ல, தூக்கம்.

நம் எல்லோருக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக 24 மணி நேரக் கடிகாரம் இல்லை, கொஞ்சம் மெதுவாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண் வழியாகப் போய் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சமே உள்ளே போகாத ஒருவருக்கு? திருத்த ஆளில்லை. ஒருவரின் கடிகாரம் 24.5 மணி நேரம் என்று வையுங்கள். தினம் அரை மணி தள்ளிப்போகும். 24 நாளில் 12 மணி நேரம். அதாவது ஊருக்கு நண்பகல், அவர் உடம்புக்கு நள்ளிரவு! இன்னும் 24 நாள் போனால் தானாகச் சரியாகும், பிறகு மறுபடி விலகும். முழுப் பார்வையிழந்தவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி நடக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள்.

இப்போது பாராலிம்பிக்ஸை யோசியுங்கள். தேதியைப் பல வருடம் முன்பே குறித்துவிடுகிறார்கள். அந்த நாளில் தன் உடம்பு பகலில் இருக்குமா ராத்திரியில் இருக்குமா என்பது அந்த ஓட்டக்காரர் கையில் இல்லை.

'விமானத்தில் போகிற எல்லோருக்கும்தானே ஜெட் லாக்' என்றான் என் நண்பன். நமக்கு அந்த ஊர் வெயில் பட்டால் சில நாளில் சரியாகிவிடும். அவருக்கு வெயில் சுடும், கடிகாரத்துக்குத் தெரியாது.

டி11 பிரிவில் எல்லோரும் கண்மறைப்பு கட்டி ஓடுகிறார்கள், பார்வை சமமாக இருக்கட்டும் என்று. நியாயம்தான். ஆனால் பார்வை போன காரணத்தைப் பொறுத்து, சிலருக்கு விழித்திரையில் கடிகாரத்துக்கான செல்கள் மட்டும் பிழைத்திருக்கும். ஒரே துணி கட்டிய இருவரில் ஒருவர் நன்றாகத் தூங்கி எழுந்தவராகவும், மற்றவர் நடுராத்திரியில் ஓடுபவராகவும் இருக்கலாம்.

வீல்சேர் ரக்பி கதை வேறு. அதில் பலர் கழுத்தில் அடிபட்டவர்கள். இருட்டியதும் மெலடோனின் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலேயே முடிகிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, கழுத்துத் தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறிப் போகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுதாக அறுந்தால் அந்த ஒயரும் போச்சு. ராத்திரி மெலடோனின் ஏறுவதே இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையும் இவர்களிடம் அதிகம். படுக்கைப்புண் பயம் தனி. 1948ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இந்த விளையாட்டுகளுக்கு விதை போட்ட லுட்விக் குட்மன், நோயாளிகளை ராத்திரியும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னவர். உயிர் பிழைக்க அது தேவைப்பட்டது.

வீல்சேர் ரக்பியில் ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தைப் பார்த்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி கொடுக்கிறார்கள். தூக்கத்துக்குப் புள்ளி கிடையாது. கொடுக்கவும் வேண்டாம் என்பேன். ஏமாற்ற நினைப்பவனுக்கு அதைவிட சுலபமான வழி கிடைக்காது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஒரே நாள் ஓட்டத்தை வைத்து அணிக்கு ஆள் எடுத்தால், பார்வையற்ற வீரரின் கெட்ட வாரத்தை அவருடைய திறமை என்று எழுதிவிடுகிறோம். சில வார இடைவெளியில் இரண்டு, மூன்று முறை ஓடவிட்டுப் பார்க்கலாமே? மெலடோனின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. டாக்டர் மேற்பார்வையில் தினம் ஒரே நேரத்தில் எடுத்தால் பலருக்குக் கடிகாரம் நிலைக்கிறது. ஆனால் அதற்குப் பல வாரம் ஆகும், போட்டிக்கு முந்தின நாள் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. குறைந்தபட்சம், பயிற்சியாளர் நோட்டில் ஓடிய நேரத்துக்குப் பக்கத்தில் தூங்கிய நேரத்துக்கும் ஒரு காலம் போடலாம். அதற்கு ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.