படிப்பறையில் எந்த இசை?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சாஸ்திரிய இசையைப் போட்டுக் கொடுக்கலாம் என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. மோட்சார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற நம்பிக்கையே இக்கேள்வியின் வேர்.

1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனையில் பிறந்தது அது. இரண்டு பியானோக்களுக்காக மோட்சார்ட் எழுதிய சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டபின், உருவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஆற்றல் சற்று உயர்ந்தது. கால் மணி நேரத்துக்குள் மறைந்தும் போனது. அவர்கள் கேட்டது சோதனைக்கு முன்பேயன்றி, படித்துக்கொண்டே அல்ல. இதை நம்பி 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரச பணம் கேட்டார்! மறு ஆண்டே கனடாவில், கதையை விரும்புவோருக்குக் கதை கேட்பதும் அதே பயனைத் தந்தது எனக் கண்டார்கள்.

படிக்கும்போது பாட்டு வேண்டாம் என்பேன். வாசிக்கும் சொல்லோடு காதில் விழும் சொல் மோதும். வாத்தியம் கேட்கலாமே என்பர். கர்நாடக இசையில் அங்கும் ஒரு சிக்கல். வீணையிலும் குழலிலும் பெரும்பாலும் ஒலிப்பவை பாடுவதற்கென இயற்றப்பட்ட கிருதிகளே. சாகித்தியம் அறிந்த பிள்ளைக்கு வீணையே பாடிவிடும். இராக ஆலாபனையே பொருத்தம். அதில் சொல்லும் இல்லை, தாளக்கட்டும் இல்லை. தனி ஆவர்த்தனமோ கையை மேசையில் தட்டவைத்துவிடும்.

மனனம் செய்யவேண்டிய பாடமென்றால் ஆலாபனையையும் நிறுத்திவிடுங்கள். தோடி, புத்தகத்தை மூடிய பிறகு கேட்கவேண்டியது.