தென்னை அடிக்கட்டையைத் தோப்பில் விடலாமா?

காய்ப்பு ஓய்ந்த தென்னையை வெட்டுகிறவர்கள், மரத்தை விலை பேசி ஏற்றி அனுப்பிவிட்டு, அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். விலை போகாத நுனித்துண்டும், மட்டையும், பன்னாடையும் வரப்போரம் குவிகின்றன. கிடந்தால் தானே மக்கிவிடும் என்பது பலரின் நினைப்பு. மக்கும் என்பது உண்மைதான். ஆனால் மக்கி முடியும்வரை காண்டாமிருக வண்டுக்கு அந்தக் கட்டைதான் தாய்வீடு.

இந்த வண்டு மக்கும் கட்டையிலும் எருக்குழியிலும் முட்டையிடுகிறது. புழுக்கள் அங்கேயே தின்று கொழுத்து, 5, 6 மாதங்களில் வண்டாக வெளிவந்து, தென்னையின் குருத்தைத் துளைக்கின்றன. விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாகத் தெரிந்தால், வண்டு வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். இளங்கன்று பட்டுப்போவதும் உண்டு. துளைத்த காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு புகுந்தால் வளர்ந்த மரமும் தப்புவது அரிது. புதுக் கன்றை நட்டுவிட்டு, பக்கத்திலேயே பழைய கட்டையை விடுவது பகைவனுக்குக் குடில் போட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களின் தோப்புகள் சாய்ந்தன. அரசு அப்போது மரம் ஒன்றுக்கு அறிவித்த 1,100 ரூபாயில், 500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அகற்றுவதும் ஒரு செலவுதான் என்று ஏற்றுக்கொண்டது சரியான முடிவு. மறுநடவுக்கு எந்த உதவி தரும்போதும், தூர் பெயர்க்கப்பட்டதா என்று பார்த்துத் தருவதே முறை.

கூலி கட்டாது என்கிறார்கள். மரத்தை அறுத்துவிட்டுப் பிறகு தூரைத் தோண்டுவதால்தான் கூலி ஏறுகிறது. மரம் நிற்கும்போதே அடியைச் சுற்றி மண்ணைப் பறித்து, வேர்களை அறுத்து, உயரத்தில் வடம் கட்டி இழுத்தால், மரத்தின் பாரமே தூரைப் பெயர்த்துவிடும். அருகில் வீடோ மின்கம்பியோ இருந்தால் இம்முறை ஆகாது. ஏற்கெனவே நிற்கும் கட்டைகளுக்கு, நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் பொக்லைன் அமர்த்திக்கொண்டால் செலவு பங்காகிவிடும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது வீண். மேல்பாகம் கரியுமே தவிர, ஈரமான தூர் உள்ளே அப்படியே இருக்கும். பெயர்த்த தூரைப் பிளந்து காயவைத்தால் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் ஆகும். ஓலையைக் கீற்றாக முடையலாம். தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட மரம் மட்டும் விதிவிலக்கு. அதைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சாணம் மண்ணுக்குள் வேர் வழியே பரவக்கூடியது.

எருக்குழியையும் மறக்கலாகாது. அவ்வப்போது கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் இட்டால் புழுக்கள் நோய் கண்டு மடியும். அளவை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

வண்டுக்கு வரப்பு தெரியாது. ஒருவர் தோப்பைச் சுத்தமாக வைத்து, அடுத்தவர் கட்டையை மக்கவிட்டால் இருவருக்கும் நஷ்டம்தான். தேரை இழுக்க ஊர் கூடுவதுபோல், தூரைப் பெயர்க்கவும் ஊர் கூட வேண்டும்.