கையால் அறிந்ததைக் கேளுங்கள்: அமிலம், காரம், உப்புத் தேர்வு குறித்த கொள்கைப் பிரகடனம்

அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி முடித்த மாணவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். தமிழ்நாட்டின் உயர்நிலை வகுப்புகளில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பற்றித் தேர்வில் கேட்கும் முறை மாற வேண்டும். இதுவே எங்கள் நோக்கம்.

ஒரு பாடத்துக்கு ஓர் இயக்கம் தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். வேதியியலில் வேறெந்தப் பாடமும் பிள்ளைகளின் அடுப்படிக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் இவ்வளவு அருகில் இல்லை. வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பதைப் பார்க்காத பிள்ளை இந்த மாநிலத்தில் இல்லை. வாழ்க்கை இவ்வளவு தூரம் சொல்லிக்கொடுத்த பிறகும் தேர்வுத்தாள் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் குறை தேர்வுத்தாளிடம்தான் இருக்கிறது.

இன்றைய நிலை

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம் முடிந்ததும் நடக்கும் ஸ்லிப் டெஸ்டைப் பாருங்கள். அமிலத்தில் நீல லிட்மஸ் என்ன நிறமாகும்? ஃபீனால்ஃப்தலீன் காரத்தில் என்ன நிறம் தரும்? சலவைத்தூளின் வாய்பாடு என்ன? உப்புகளின் வகைகள் யாவை? பெரும்பாலும் புக் பேக் வினாக்கள். கைடில் விடை இருக்கிறது. நான்கு முறை எழுதிப் பார்த்த பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

அதே பிள்ளையிடம் வேறு விதமாகக் கேளுங்கள். பி.எச். மதிப்பு 3 உள்ள கரைசல், 5 உள்ள கரைசலைவிட எத்தனை மடங்கு அமிலத்தன்மை கொண்டது? "இரண்டு மடங்கு" என்றே பெரும்பாலும் பதில் வரும். சரியான விடை நூறு மடங்கு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை குறைந்த அமிலமா? "ஆமாம்" என்பார்கள். செறிவு வேறு, வலிமை வேறு. உப்புகள் எல்லாம் நடுநிலையா? "ஆமாம்" என்பார்கள். சலவைச் சோடா ஓர் உப்பு, அதன் கரைசல் காரத்தன்மை கொண்டது. ஈயம் பூசுபவர் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரமும் ஓர் உப்பு, அதன் கரைசல் அமிலத்தன்மை கொண்டது.

இவை கடினமான வினாக்கள் அல்ல. யாரும் கேட்காததால் யாரும் யோசிக்காத வினாக்கள். தேர்வில் எது வருகிறதோ அதுவே வகுப்பில் நடக்கும். எந்தச் சுற்றறிக்கையாலும் மாற்ற முடியாத உண்மை இது. ஆகவே வகுப்பறையை மாற்ற விரும்பும் நாங்கள் கேள்வித்தாளிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் கொள்கைகள்

1. பொருளைக் கண்ணால் காணாமல் இந்தப் பாடத்தில் தேர்வு கூடாது. நிறங்காட்டி நிறம் மாறுவதை ஒருமுறையாவது தன் கையால் செய்து பார்த்த பிறகே ஒரு மாணவரிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். 1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் பதிவு செய்தார். பூச்சாற்றில் தொடங்கிய இந்த அறிவியலை நம் ஊர்ச் சங்குப்பூவிலும் செம்பருத்தியிலும் தொடங்க முடியாதா?

2. மனப்பாடத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். வாய்பாடும் பெயரும் நிறங்காட்டிகளின் நிறமும் நினைவில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் நினைவில் இருப்பதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரத் தெரிகிறதா என்பதைத் தேர்வு அளக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் குறைந்தது பாதி அத்தகைய வினாக்களுக்குப் போக வேண்டும்.

3. பாதுகாப்பு அறிவு கட்டாய வினாவாக இருக்க வேண்டும். சலவைத்தூள் தயாரிப்பை எழுதச் சொல்கிறோம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரைக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும் என்பதைக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் ஏராளம். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது ஏன் தண்ணீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும், ஏன் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதும் அப்படித்தான். வெளிப்படும் வெப்பத்தில் அமிலம் கொதித்துத் தெறிக்கும் என்று காரணத்தோடு சொல்லத் தெரியாத மாணவருக்கு இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் தருவது அவருக்கே நாம் இழைக்கும் அநீதி.

4. வினா அந்தந்த ஊரிலிருந்து வர வேண்டும். தூத்துக்குடிப் பிள்ளைக்கு உப்பளப் பாத்தி தெரியும். திருப்பூர்ப் பிள்ளையின் வீட்டில் யாராவது ஒருவர் சாயப்பட்டறையில் வேலை செய்திருப்பார். அங்கே துணியில் சாயம் ஏற உப்பும் சோடா ஆஷும் போடுகிறார்கள். அந்த உப்பு கழிவுநீரோடு நொய்யலில் கலந்ததால்தான் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஊர்களில் உப்பு என்ற பாடத்தை நடத்திவிட்டு, ஆற்றுநீரில் கரைந்த உப்பை வடிகட்டியால் ஏன் பிரிக்க முடியாது என்று ஒரு வினாகூடக் கேட்காமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்?

5. விவசாயி வீட்டுப் பிள்ளையின் அறிவும் அறிவே. மண்வள அட்டையில் பி.எச். மதிப்பு அச்சாகி வருகிறது. அதை அப்பாவுக்குப் படித்துச் சொல்ல மகளுக்குத் தெரிய வேண்டும். நீலகிரியின் அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுகிறார்கள், களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுகிறார்கள். முன்னது நடுநிலையாக்கல். பின்னது அப்படியல்ல. ஜிப்சம் ஓர் உப்பு, அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தின் இடத்தைப் பிடித்து அதை வெளியேற்றுகிறது. விவரத்தைக் கொடுத்து இந்த வேறுபாட்டை விளக்கச் சொன்னால் பதினான்கு வயதுப் பிள்ளைகளால் விளக்க முடியும்.

6. தவறான விடைக்குள் இருக்கும் சரியான சிந்தனைக்கும் மதிப்பெண் உண்டு. 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அர்ஹீனியஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது தேர்வாளர்கள் அதற்குத் தாழ்ந்த தரமே கொடுத்தார்கள். கரைசலில் பொருள்கள் மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிகின்றன என்ற அவருடைய கொள்கைக்கு 1903இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் பாடப்புத்தகத்தில் அமிலத்துக்கும் காரத்துக்கும் இருக்கும் வரையறை அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான். விடைக்குறிப்பில் இல்லாத விடை என்பதற்காகச் சிவப்பு மையால் அடித்துவிடும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாங்கள் விரும்பும் ஒரு வினா

கொள்கையோடு நிறுத்திக்கொண்டால் போதாது. நான்கு மதிப்பெண் வினா ஒன்றை இங்கே முன்வைக்கிறோம்.

"பெயரில்லாத மூன்று குப்பிகளில் எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்புத் தெளிநீர், உப்புக் கரைசல் உள்ளன. மூன்றும் நிறமற்றவையாகத் தெரியும்படி நீர்க்கச் செய்யப்பட்டுள்ளன. உங்களிடம் மஞ்சள் தடவி உலர்த்திய தாள் மட்டுமே இருக்கிறது. முகர்ந்தோ சுவைத்தோ பார்க்கக் கூடாது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

மஞ்சள் தாள் காரத்தில் மட்டும் சிவக்கும். எனவே முதல் சுற்றில் சுண்ணாம்புத் தெளிநீர் தெரிந்துவிடும். மற்ற இரண்டிலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். இந்த இடத்தில் மனப்பாடம் நின்றுவிடுகிறது, சிந்தனை தொடங்குகிறது. சிவந்துபோன அந்தத் தாளையே புதிய கருவியாக எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். சிவந்த தாளில் மற்ற இரண்டையும் விட்டுப் பார்த்தால், எந்தக் குப்பியின் நீர் அதை மறுபடி மஞ்சளாக்குகிறதோ அது எலுமிச்சைச் சாறு. மாற்றம் இல்லாதது உப்புக் கரைசல்.

காரத்தைக் கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண். மற்ற இரண்டையும் மஞ்சள் தாளால் பிரிக்க முடியாது என்று உணர்ந்து எழுதினால் ஒன்று. சிவந்த தாளைப் பயன்படுத்தினால் ஒன்று. அமிலம் காரத்தை நடுநிலையாக்கியதால் நிறம் திரும்பியது என்று காரணம் சொன்னால் ஒன்று. எந்த ஊரில் யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வரும். ஒரு கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் வடிதாள், ஒரு எலுமிச்சை, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, உப்பு. ஆய்வகமே இல்லாத பள்ளியிலும் இதை எழுத்துத் தேர்வாகவும் செய்முறைத் தேர்வாகவும் நடத்தலாம்.

எழும் ஆட்சேபங்களுக்கு

சிந்தனை வினா கேட்டால் மெல்லக் கற்கும் மாணவர் தோற்றுப்போவார் என்கிறார்கள். எங்கள் வகுப்பறை அனுபவம் வேறு. ஃபீனால்ஃப்தலீன் என்ற சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுத முடியாத பிள்ளை, ஆப்பசோடாவில் புளித்த மோர் விட்டால் ஏன் நுரைக்கிறது என்பதைத் தன் சொற்களில் அழகாகச் சொல்லிவிடும். இன்றைய தேர்வு அந்தப் பிள்ளையைத்தான் தோற்கடிக்கிறது.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள். ஒரே விடையைப் பல முறை எழுத வைக்கும் நேரத்தில் ஒரு பங்கு போதும்.

செய்முறைத் தேர்வு ஏற்கெனவே இருக்கிறதே என்கிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்கும் படத்துக்கும் மதிப்பெண் போட்டு முடிப்பதைச் செய்முறைத் தேர்வு என்று ஏற்க மாட்டோம். சோதனைக் குழாயைப் பிள்ளை பிடிக்க வேண்டும், கண்டதை அங்கேயே எழுத வேண்டும், எதிர்பாராத நிறம் வந்தால் அதையும் அப்படியே எழுதும் துணிவு வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

தேர்வுத் துறைக்கு: வினாத்தாள் வடிவமைப்பில் பயன்பாட்டு வினாக்களுக்கும் பாதுகாப்பு வினாவுக்கும் நிலையான இடம் ஒதுக்குங்கள். விடைக்குறிப்பில் மாற்று விடைகளை ஏற்க வழி செய்யுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கு: ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பாடத்துக்கு லேப் பீரியடு கொடுங்கள். கண்ணாடியும் கையுறையும் தண்ணீரும் இல்லாமல் அமிலத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு: மாதத் தேர்வில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வினாவாவது நீங்களே எழுதுங்கள். வினாவங்கியிலிருந்து எடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு: மதிப்பெண்ணோடு சேர்த்து, லேபில் இன்று என்ன பார்த்தாய் என்றும் கேளுங்கள்.

உறுதிமொழி

இந்த இயக்கத்தில் சேரும் ஒவ்வோர் ஆசிரியரும், தாம் தயாரிக்கும் எந்தத் தேர்விலும் இந்தப் பாடத்திலிருந்து கைடில் விடை இல்லாத ஒரு வினாவையாவது சேர்ப்பதாக உறுதி ஏற்கிறார். எழுதிய வினாக்களையும் மாணவர் தந்த விடைகளையும் மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதாகவும் உறுதி ஏற்கிறார். சந்தா இல்லை, பதவி இல்லை. நல்ல ஒரு வினாவே இங்கே உறுப்பினர் கட்டணம்.

அறிவியல் ஆசிரியர்களே, அடுத்த காலாண்டுத் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஸ்லிப் டெஸ்டுக்கு ஒரு வினா எழுதுங்கள். பிள்ளைகள் யோசிக்கத் தயாராகவே இருக்கிறார்கள், கேட்க வேண்டியது நாம்தான்.