கீரை நல்லதுதான்... ஆனால் ஊசிக்கு ஈடாகாது!

போன மாதம் ஒரு சாயங்காலம். மல்லாங்கிணற்றில் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்.

“ஐயா, இவளுக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு உண்டு. அந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. அதை நிறுத்திட்டு நம்ம மருந்து ஏதாச்சும் கொடுங்க” என்றார்.

“பிரசவம் பாக்குற டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?” என்றேன்.

பதில் இல்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்கே தெரியாதாம். தாய்சேய் நல அட்டையில் எழுதிவிட்டால் கணவர் பார்த்துவிடுவாரே என்று நர்சம்மாவிடமும் மறைத்துவிட்டார்கள்!

நான் மருந்து கொடுக்கவில்லை. சித்த வைத்தியன் இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக, விடாமல் வரலாம். அது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. எந்த மாத்திரையை மாற்றுவது, குறைப்பது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். அதையும் கர்ப்பம் தரிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது உத்தமம். குறிப்பாக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள்!

மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை.

ரத்தம் உறைய வைட்டமின் ‘கே’ வேண்டும். 1929-ல் டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி, கொழுப்பில்லாத தீனி தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தம் கசிவதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டதுதான் இந்த வைட்டமின். 1943-ம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு.

பிறக்கும் எந்தக் குழந்தைக்குமே இந்தச் சத்து குறைவுதான். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக மிகக் கொஞ்சம்தான் போகிறது. தாய் ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசிபைன் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவளாக இருந்தால் இன்னும் குறையலாம். இந்த மருந்துகள் ஈரலை முடுக்கிவிடுகின்றன. அந்த வேகத்தில் வைட்டமின் கே-யும் சேர்ந்து சிதைகிறது. மருந்து குழந்தைக்கும் போவதால் அதன் ஈரலிலும் இதே கதைதான். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தொப்புளில், குடலில், மூளையில்கூட ரத்தம் கசிந்துவிடுகிறது.

“அப்ப முருங்கைக்கீரை நிறையக் கொடுத்தாப் போதாதா?” என்று அந்த அம்மா கேட்டார். நம்ம கரிசல்காட்டில் முருங்கைக்கா பஞ்சம்! தாராளமாகக் கொடுங்கள், தாய்க்கு நல்லது. ஆனால் தாய் தின்னும் கீரை பிள்ளையின் ரத்தம் உறையும் அளவுக்கு உள்ளே போய்ச் சேராது. இதில் கீரையை நம்பி ஊசியை விடக்கூடாது.

கடைசி மாதத்தில் தாய்க்கே வைட்டமின் கே மாத்திரை கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது எல்லாருக்கும் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். குழந்தைக்குப் போடும் ஊசியில் அந்தச் சந்தேகமே கிடையாது. பிறந்ததும் தொடையில் ஒரே ஒரு ஊசி, 1 மில்லிகிராம். (1,000 கிராமுக்குக் குறைந்த எடை என்றால் அரை மில்லிகிராம்.) ஆஸ்பத்திரியில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் போடவேண்டும் என்று மத்திய அரசே 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. “பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு ஊசி?” என்று பாட்டிமார்கள் தடுக்காதீர்கள். “போட்டாச்சா சிஸ்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.

தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவு என்பதற்காகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்டாயிற்று என்றால் அந்தக் கவலை தீர்ந்தது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் தாய்மார்களில் பெரும்பாலோர் பால் கொடுக்கலாம். தொப்புளில் ரத்தம், கறுப்பு மலம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது... இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வலிப்பு ஒரு சாபமல்ல. இந்துத் திருமணச் சட்டத்தில் இதைத் தடையாக வைத்திருந்தார்கள். 1999-ல் அதை எடுத்தே விட்டார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிலையத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு வைத்துக் கவனித்து வருகிறார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, மருத்துவர் பார்வையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளையைப் பெற்றெடுக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம், “நாளைக்கே போய் டாக்டர்கிட்ட சொல்லு தாயி. நீ சரின்னு சொன்னா உன் வீட்டுக்காரர்கிட்ட நானே பேசுறேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “அட்டையில எழுதச் சொல்றேன் ஐயா” என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மருமகள் பயமில்லாமல் உண்மையைச் சொல்லும்படி நீங்கள் நடந்துகொண்டால், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு அதுதான் முதல் சீர்!