பழைய கைப்பேசியா? பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். மாட்டின் வயதைத் தோலின் பளபளப்பு சொல்லாது, பல்தான் சொல்லும். பழைய கைப்பேசி விஷயத்தில் நம் மாணவர்கள் பலர் செய்வது நேர்மாறானது. கீறல் இருக்கிறதா, எத்தனை கேமரா, பின்பக்கம் எந்த நிறுவனத்தின் சின்னம் என்று தோலைத் தடவிப் பார்க்கிறார்கள். பல்லைப் பார்ப்பதில்லை.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு மாதச் சம்பளத்தை எதில் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். புதிய மாடல் மூவாயிரம், நான்காயிரம் வெள்ளி என்றால் கை பழையதைத் தேடுகிறது. ஸ்ரீ கெம்பாங்கான் கடைவரிசைகளில் தொடங்கி கோலாலம்பூர் லோயட் பிளாசா வரை கண்ணாடிப் பெட்டிகளில் அவை பளபளவென்று அடுக்கப்பட்டிருக்கின்றன. வாங்குவதில் தவறே இல்லை. நல்ல பழைய கைப்பேசி, மட்டமான புதிய கைப்பேசியைவிட மேல் என்பதுதான் என் கட்சி. ஆனால் எது நல்ல பழையது?

கைப்பேசிக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று, அது வெளிவந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்பது. இதை எல்லாரும் கேட்கிறார்கள். மற்றொன்று, அதன் நிறுவனம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்பும் என்பது. இந்த இரண்டாவது வயதுதான் பல். விற்பவர் இதைச் சொல்வது அபூர்வம். நாம் கேட்பதும் அபூர்வம்.

உதாரணம் பாருங்கள். ஐஃபோன் எக்ஸ் 2017-இல் வந்தது. 2023-இல் வெளியான ஐஓஎஸ் 17 அதற்குக் கிடைக்கவில்லை. 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் ஐஓஎஸ் 18 வரை வந்து, 2025-இல் வெளியான ஐஓஎஸ் 26-இல் கழற்றிவிடப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு, 2019-இல் வந்த ஐஃபோன் 11 மட்டும் தப்பித்தது. கண்ணாடிப் பெட்டியில் எக்ஸ்ஆரும் 11-உம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம், மற்றொன்று இந்தப் பக்கம். புதிய பதிப்பு நின்ற பிறகும் ஆப்பிள் சில காலம் அவசரத் திருத்தங்களை அனுப்புவது உண்டு. அது கருணைக் காலம். அதை நம்பி முழு விலை கொடுக்கக் கூடாது.

சாம்சங் பக்கம் கணக்கு இன்னும் தெளிவானது, ஏனென்றால் ஆண்டுகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21-க்கு ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தம் என்றார்கள். 2026 தொடக்கத்தோடு அது சரி. 2024-இல் வந்த எஸ்24-க்கு ஏழாண்டு. கூகிள் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2023 அக்டோபரில், பிக்ஸல் 8-க்கு ஏழாண்டு என்று அறிவித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், 2024 கடைசியில் வந்த கேலக்ஸி ஏ16 என்ற சாதாரண மலிவு மாடலுக்கே ஆறாண்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பணக்காரக் கைப்பேசியாக இருந்த எஸ்21-ஐவிட இந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆயுள் நீளம். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த ஆண்டுகள் எல்லாம் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

இப்போது கணக்குப் போடுங்கள். விலைகள் வெறும் உதாரணத்துக்கு. ஒரு கைப்பேசி 600 வெள்ளி, அதற்கு மிஞ்சியிருக்கும் காலம் 10 மாதம். மாதத்துக்கு 60 வெள்ளி. இன்னொன்று 700 வெள்ளி, புதிய பேட்டரி போட 200 வெள்ளி, ஆக 900. மிஞ்சியிருப்பது 36 மாதம். மாதத்துக்கு 25 வெள்ளி. முதலாவதுதான் மலிவு என்று நினைத்து வாங்கியவர் அடுத்த ஆண்டு மறுபடியும் கடைக்கு வருவார். விலையை மிஞ்சியிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். இதற்கு மூன்றாம் படிவக் கணிதம்கூட வேண்டாம்.

‘திருத்தம் வராவிட்டால் என்ன, வாட்ஸ்அப் ஓடுகிறதே’ என்று கேட்கலாம். முதலில், அதுவும் எப்போதும் ஓடாது. 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழ்ப்பட்ட கைப்பேசிகளையும், அதே ஆண்டு மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1-க்குக் கீழ்ப்பட்ட ஐஃபோன்களையும் வாட்ஸ்அப் கைவிட்டுவிட்டது. ஐஃபோன் 6 அதோடு போயிற்று. ஆனால் உண்மையான காரணம் வாட்ஸ்அப் அல்ல, உங்கள் வங்கிக் கணக்கு.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு ஒரு கட்டளை போட்டது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கைப்பேசிதான் இருக்க வேண்டும். மோசடிகளைத் தடுக்கத்தான் இது. விளைவு என்ன? இன்று உங்கள் கைப்பேசிதான் கணக்கின் சாவி. பி.டி.பி.டி.என். கடன் வந்து விழுவது அந்தக் கணக்கில். அப்பா விடுதிச் செலவுக்கு அனுப்புவதும், வார இறுதி வேலைச் சம்பளம் ஏறுவதும் அங்கேதான். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கைப்பேசியில் அந்தச் செயலியை வைத்திருப்பது, பூட்டு பழுதான வீட்டில் நகையை வைப்பது மாதிரி. திருடன் இன்றைக்கே வருவான் என்று சொல்லவில்லை. பூட்டு பழுது என்பது அவனுக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்படுகிறது, ஆதரவுள்ள கைப்பேசிகளில் அவை அடைக்கப்படுகின்றன, மற்றவற்றில் திறந்தே கிடக்கின்றன. வங்கிச் செயலிகளும் மிகப் பழைய பதிப்புகளில் ஒரு நாள் திறக்க மறுக்கும். அது கட்டண நாளாகத்தான் இருக்கும்!

அதற்காகப் புதிய கைப்பேசி வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பொருள் இல்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் வீடு துப்புரவு சேவை என்றும் வரும் ஏபிகே கோப்பைத் தானே தட்டி ஏற்றிக்கொள்பவரை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

அடுத்தது அலைவரிசை. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. இருப்பவை 2ஜி, 4ஜி, 5ஜி. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் 4ஜி இணையம் வரும், ஆனால் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகாது. வோல்டி என்ற அந்த வசதி இல்லாவிட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும், பேசும்போது இணையமும் நின்றுபோகலாம். ஏபி செட் என்று விற்கப்படும் வெளிநாட்டுக் கைப்பேசிகளில் இந்தத் தொல்லை அதிகம். ஹாங்காங்கிலோ கொரியாவிலோ வேலை செய்த வசதி, நம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மில் வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. மலேசியா செட்டா, ஏபி செட்டா என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல் உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பாருங்கள். 5ஜி இல்லையே என்ற கவலை மட்டும் வேண்டாம். இணைய வகுப்புக்கும் டெலிமாவில் பாடம் பார்ப்பதற்கும் நல்ல 4ஜி போதும். கேமராவைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றிச் சொல்ல உங்கள் நண்பர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரிக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் நல்ல கைப்பேசியைத் தூக்கிப் போடுகிறார்கள். 2017-இல் பழைய ஐஃபோன்கள் மெதுவாகிவிட்டன என்று உலகம் முழுவதும் புகார். புதிதை விற்கச் செய்யும் சூழ்ச்சி என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பேட்டரி தளர்ந்த கைப்பேசிகள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்தோம் என்றது. வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்ததுதான் குற்றம். பிறகு 79 அமெரிக்க டாலர் பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அந்தச் சண்டையில் நமக்குக் கிடைத்த பாடம் வேறு. பேட்டரியை மாற்றியதும் பல கைப்பேசிகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. கிழடு தட்டியது கைப்பேசி அல்ல, பேட்டரி. அதனால் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் ஒரு கைப்பேசியை ஒதுக்க வேண்டாம். ஐஃபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி ஹெல்த் எத்தனை விழுக்காடு என்று இருக்கும். 80-க்குக் கீழே என்றால் மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். நேற்றுதான் மாற்றினோம், 100 விழுக்காடு என்று கடைக்காரர் சொன்னால், எந்த பேட்டரி என்று கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விவகாரத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் மாடல்களின் பேட்டரி 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 விழுக்காடு திறனோடு இருக்க வேண்டும். மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது ஐந்தாண்டுக்கு மென்பொருள் ஆதரவு தர வேண்டும். சட்டம் அங்கேதான் என்றாலும் நிறுவனங்கள் நமக்கென்று தனிக் கைப்பேசி செய்வது குறைவு. இன்னும் சில ஆண்டுகளில் கண்ணாடிப் பெட்டிக்கு வரும் பழையவை இப்போது இருப்பவற்றைவிட நீடித்து உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பழையதை வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. ‘பிள்ளைக்குப் போய் செகண்ட் ஹேண்டா?’ என்று தவணையில் புதியதை வாங்கிக் கொடுத்துவிட்டு 24 மாதம் மூச்சுத் திணறுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆதரவு முடிந்த ஐஃபோனைச் சின்னத்துக்காக மட்டும் வாங்கும் மாணவர்கள். இரண்டும் ஒரே நோய்தான். பக்கத்து மேசைக்காரன் என்ன நினைப்பான் என்பதற்கு நாம் கட்டும் வரி அது.

ஸ்ரீ கெம்பாங்கானில் மைன்ஸ் பேரங்காடியை ஒட்டியிருக்கும் ஏரி, பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய பள்ளம். நம் பெரியவர்கள் மொழியில் சொன்னால் லம்பக் குட்டை. கைப்பேசியின் உள்பலகையில் சில்லுகளைப் பற்றவைப்பதும் அதே ஈயம்தான். ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிமத்தில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. நாம் மின்னேற்றும் செலவு அதற்கு முன் சொற்பம். 2022-இல் உலகம் 62 மில்லியன் டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. இன்னும் மூன்றாண்டு உழைக்கக்கூடிய ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் அது அந்த மலையில் சேர்வது அவ்வளவு தள்ளிப்போகிறது.

ஆதரவு முடிந்த கைப்பேசி வீட்டில் கிடந்தால்? தம்பி தங்கைக்குக் கொடுக்கலாம், விலை சைபர். அகராதி பார்க்க, கர்நாடகச் சங்கீதப் பயிற்சியைப் பதிவு செய்ய, காணொளிப் பாடம் பார்க்க அது போதும். வங்கிச் செயலி, இ-வாலட், அம்மாவின் மின்னஞ்சல் மட்டும் அதில் வேண்டாம்.

வாங்கும் இடத்தில் கடைசியாகச் சில வேலைகள். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும், பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் அல்லது கூகிள் கணக்கு உங்கள் கண்முன்னே நீக்கப்பட வேண்டும்; ‘பிறகு பாஸ்வேர்டு அனுப்புகிறேன்’ என்றால் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதி விலைக்குக் கீழே, பெட்டி இல்லை, ரசீது இல்லை, பெட்ரோல் நிலையத்தில் சந்திக்கலாம் என்றால் அது யாரோ ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவு வாங்கியவர் மீதும் பாயும். உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குவதன் இன்னொரு பயன், தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். முகநூலில் பார்த்துத் தனிநபரிடம் வாங்கினால் அந்தக் கதவு கிடையாது. ரசீதில் ‘கைப்பேசி ஒன்று’ என்று எழுதிக் கொடுப்பார்கள். மாடல் பெயர், ஐஎம்இஐ எண், எத்தனை நாள் உத்தரவாதம் என்ற மூன்றையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள்.