பின்னால் ‘டக்’ சத்தமா? எப்போது வருகிறது என்று கவனியுங்கள்!

ஆவடியை அடுத்த சேக்காடு பக்கம் லோடு அடிக்கும் பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் ‘டக் டக்’ என்று கேட்டால், ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போகக் கூடாது. சத்தம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

பள்ளத்தில் இறங்கும்போது வந்தால், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கில் புஷ் அல்லது ஷாக் அப்சார்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். கிளட்சை விடும்போது வந்தால், புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்ட்டைக் கையால் திருகினாலே ஆட்டம் தெரியும்.

பெரிய ஆபத்து, தளர்ந்த யூ போல்ட். லோடோடு ஓட்டினால் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸிலே இடம் விலகலாம். வண்டி ஒருபக்கமாக இழுக்கும். பட்டை மாற்றியிருந்தால், சில நாள் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்!